ட்ரெய்லரைக் கொளுவுகிற நேரத்தில் அதன் ஹைட்ரோலிக் கால் மக்கர் பண்ணிய அனுபவம் யாருக்கும் இருக்கிறதா?

நாவற்குழி:
ஜெனரேட்டர் ஏற்றின ட்ரெய்லர், முன்னுக்கு இரண்டு ஹைட்ரோலிக் கால். கைபிடி சுற்றி இறக்குகிறது இல்லை, பம்ப் போட்டு இறக்குகிறது. பின்னேரம் லெவல் பார்த்து நிறுத்திவிட்டு, பிறைம் மூவரை, அதாவது இழுக்கிற லொறியை, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரவு நல்ல மழை. விடிய வந்து பார்த்தால் ட்ரெய்லரின் மூக்கு, அதாவது முன்பக்கம், வலப்புறம் நாலு விரல் கீழே. டிரைவர் அண்ணை பம்பைப் போட்டார். வலப்பக்கம் அசையவில்லை, இடப்பக்கம் மட்டும் ஏறிக்கொண்டு போனது. நேரம் போகிறது, சாமான் காங்கேசன்துறைக்குப் போக வேண்டும் என்று அப்படியே பின்னுக்கு எடுத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது, பூட்டு லீவரும் உள்ளே போனது. எல்லாரும் "சரி, காலைத் தூக்கு" என்கிறார்கள். நான் ரோச் லைட்டோடு கீழே குனிந்து பார்த்தேன். ட்ரெய்லரின் அடித்தட்டுக்கும், அது உட்காருகிற பிறைம் மூவரின் ஃபிஃப்த் வீலுக்கும் நடுவே மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. ஃபிஃப்த் வீலின் தாடை, அடித்தட்டில் தொங்குகிற கிங் பின் என்ற முளையின் கழுத்தைப் பிடிக்கவில்லை, அடியிலே மூடிக்கொண்டு நின்றது. கால் தூக்கியிருந்தால் முதல் வளைவிலேயே ட்ரெய்லர் றோட்டில் இருந்திருக்கும். அந்த வெளிச்சம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கால் ஏன் ஒரு பக்கம் மட்டும் இறங்கியது? மற்றது ஏன் ஏறியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உடுப்பிட்டி:
எங்களுக்கு இவ்வளவு பெரிய சாமான் இல்லை. உழவு இயந்திரப் பெட்டி தான், போத்தல் ஜக் வைத்துத்தான் முன் தண்டைத் தூக்கிக் கொளுவுகிறது. வெங்காயம் ஏற்றின பெட்டி, தண்டுக்குக் கீழே ஜக் நிமிர்ந்து நிற்க இடமில்லை என்று பெரியப்பாவின் மகன் அதைச் சரித்து வைத்து அடித்தான். கைபிடி ஆடுது, ஜக் எழும்பவில்லை. பிறகு ஒரேயடியாக இரண்டு அங்குலம் எழும்பி, அதே வேகத்தில் இறங்கியது. கொளுவுகிற பின்னைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அவன் எடுத்தது அந்த நொடியில் தான். போத்தல் ஜக் சரிந்தால் பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவசரத்தில் யாரும் நினைப்பதில்லை.

மணற்காடு:
நாவற்குழித் தம்பி, உங்கள் பிரச்சினை ஜக் இல்லை, நிலம். மழை பெய்த இடத்தில் காலுக்குக் கீழே என்ன வைத்தீர்கள் என்று ஒரு வரி கூட எழுதவில்லை. 25 சென்ரிமீற்றர் சதுரப் பாதத்தில் 4 தொன் நின்றால் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 6 கிலோவுக்கு மேல். அதே பாரத்தை 60 சென்ரிமீற்றர் சதுரப் பலகையில் வைத்தால் ஒரு கிலோ சொச்சம் தான். எங்கள் பக்க மணலில் பலகை இல்லாமல் ஒருவரும் ஜக் வைப்பதில்லை. பனஞ்சலாகை வைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், ஒன்றை மட்டும் வைத்தால் நார் வழியே பிளக்கும். நெடுக்கும் குறுக்கும் இரண்டு அடுக்கு போடுங்கள். இரும்புத் தகடு நல்லது என்பார்கள். ஈரத்தில் அது வழுக்கும், ட்ரெய்லர் ஒரு அங்குலம் அசைந்தாலே கால் தகட்டின் ஓரத்துக்குப் போய்விடும். செம்மண் காய்ந்திருக்கும் வரைக்கும் கல்லு மாதிரி, நனைந்தால் அதை நம்பவே கூடாது. கொளுவுமுன் ரயருக்குக் கட்டை போட்டீர்களா? அதையும் எழுதவில்லை.

வட்டுக்கோட்டை, இப்போ கனடா:
இங்கே நாங்கள் படுத்து எழும்புகிற வீட்டு ட்ரெய்லரும் ஃபிஃப்த் வீல் தான், ஆறு ஹைட்ரோலிக் கால். கழற்றும்போது நின்ற உயரத்தைக் கால்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைவில் வைத்திருக்கும், திரும்பக் கொளுவும்போது ஒரு பொத்தான் அழுத்தினால் அதே உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோகும். பக்கத்தில் நின்றவர் அதை முழுதாக நம்பினார். ஆனால் அவர் பிக்கப்பைக் கழற்றினபோது நின்றது சமதரையில், இப்போ வந்து நின்றது சரிவில். நினைவு சரி, பிக்கப்பின் பின்பக்கம் தான் உயர்ந்து நிற்கிறது. தட்டு போய் பிக்கப்பின் பின் கதவில் முட்டியது. அவருடைய மனைவி வெளியே நின்று "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தின குரல் முகாம் முழுக்கக் கேட்டது. இன்னொன்று, 12 வோல்ட் பற்றரி இறங்கியிருந்தால் பம்ப் பாதியில் நின்றுவிடும். குளிரில் ஒயில் தடித்துவிட்டால் கால் மெதுவாகத்தான் வரும், வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது.

சுன்னாகம் கராஜ்:
மணற்காட்டு அண்ணை, நிலம் இறங்கினது வலக் காலுக்குக் காரணமாக இருக்கலாம். இடக் கால் பம்ப் போட்டதும் தனியே ஏறினதற்கு நிலம் காரணம் சொல்லாது. அதை வாசிக்காமல் பலகைக் கதைக்குப் போய்விட்டீர்கள்.

இரண்டு காலும் ஒரே ஒயில் குழாயில், ஒயிலைத் திரும்ப ஓடவிடாத தனித்தனிப் பூட்டு வால்வு இல்லாமல் இருந்தால், ஒயில் பாரம் குறைந்த பக்கத்துக்குத்தான் ஓடும். பாரம் கூடின கால் இறங்கும், குறைந்தது ஏறும். பம்ப் போட்டாலும் லேசான கால் தான் முதலில் எழும்பும். பூட்டு வால்வு இருந்தும் இறங்கினால் வால்வின் இருக்கையில் தூசி, அல்லது பிஸ்டன் சீல் போயிருக்கும். குளிர்ந்ததால் இறங்கியது என்று சிலர் சொல்வார்கள். 30 சென்ரிமீற்றர் ஒயில் 10 பாகை குளிர்ந்தால் 2 மில்லிமீற்றர் தான் சுருங்கும். நாலு விரல் அதில் வராது.

நிலமா வால்வா என்று பார்க்க வழி இருக்கிறது. இரவு காலின் தண்டு வெளியே நிற்கிற நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். விடிய மூக்கு இறங்கி, தண்டு அதே நீளமாக இருந்தால் நிலம். தண்டு குறைந்திருந்தால் ஒயில் எங்கேயோ போகிறது. ஒயிலில் நுரை இருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, முதலில் அதைத் தான் வெளியேற்றுங்கள், முழு நீளத்துக்கு ஏற்றி இறக்கி. ஒயில் மட்டம் பார்க்கிறது கால்கள் முழுக்க உள்ளே இருக்கும்போது, வெளியே நிற்கும்போது ஊற்றினால் பிறகு வழியும்.

கொளுவுகிற விடயத்தில் ஒன்று சொல்லுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். மூக்கு ஃபிஃப்த் வீலை விடக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், தட்டு ஃபிஃப்த் வீலின் சரிவில் ஏறி உட்கார வேண்டும். உயரமாக இருந்தால் நீங்கள் பார்த்தது தான் நடக்கும். லீவர் போனதை நம்பாதீர்கள். இடைவெளி இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு ட்ரெய்லர் பிரேக் பிடித்தபடி மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். அந்த நேரம் காலை முழுக்கத் தூக்கிவிடாமல் தரையை விட்டு ஒரு அங்குலம் மட்டும் உயர்த்தி வையுங்கள். விட்டுப்போனாலும் ஒரு அங்குலம் தான் விழும்.

உடுப்பிட்டி:
கராஜ் அண்ணை, எங்கள் ஜக்கில் ஒயில் விடுகிற திருகைக் கால் சுற்றுத் திறந்தாலே பெட்டி தொப்பென்று இறங்குகிறது. பாரம் கூடினதாலா?

சுன்னாகம் கராஜ்:
ஓம் தம்பி. பாரம் தான் ஒயிலைத் தள்ளுகிறது, வேகமும் அதோடு கூடும். திருகை மயிரிழை மயிரிழையாகத் திறவுங்கோ.

நாவற்குழி:
நேற்று இரவு அளந்து வைத்தோம், மழை இல்லை. இன்று வலத் தண்டு குறைந்திருக்கிறது, இடத் தண்டு கூடியிருக்கிறது. குழாயைப் பின்பற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் தான் சேர்கிறது, நடுவில் வால்வு ஒன்றும் இல்லை. ஜெனரேட்டரும் வலப்பக்கம் ஒதுங்கித்தான் இருக்கிறது.

மணற்காடு:
சரி, ஒயில் என்று ஒத்துக்கொள்கிறேன். பலகை போட்டீர்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.