சங்கரன்கோவில் டு சென்னை, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி: கையில் 32,000, மாசம் 8,500. திருவல்லிக்கேணியில் ரூம் கிடைக்குமா?

தறிவீட்டுப்பெண்:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் வகுப்பு ஆரம்பம். சென்னையில் சொந்தக்காரங்க யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை பள்ளிக்கூட டூரில் வந்து மெரினாவில் கால் நனைச்சதோட சரி.

அப்பா விசைத்தறியில் நெய்றாங்க. மாசம் 8,500 வரைக்கும் அனுப்ப முடியும்னு சொல்லிட்டாங்க, அதுக்கு மேல கேக்க எனக்கே மனசு வராது. நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது 32,000 இருக்கு. முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சு. பல்கலைக்கழக விடுதிக்கு எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை.

யுனிவர்சிட்டி பீச்சுக்கு எதிர்லதானேன்னு திருவல்லிக்கேணியில் தேடிட்டு இருக்கேன். ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். தனி ரூம், அட்டாச்டு பாத்ரூம், மாசம் 4,500. போட்டோ அனுப்பினாங்க, நல்லா இருக்கு. 5,000 டோக்கன் போட்டா எனக்குன்னு வச்சிருப்பாங்களாம். நேர்ல வந்து பாக்கேன்னு சொன்னா, வேலை விஷயமா வெளியூர்ல இருக்கோம், சாவி கூரியர்ல வரும்ங்கிறாங்க. நாளைக்குள்ள போடணும், இல்லைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம். போடலாமா?

சைதை_அக்கா:
போடாதே. மீதியை அப்புறம் பேசலாம், முதல்ல ஜிபேயை மூடு.

திருவல்லிக்கேணியில் அட்டாச்டு பாத்ரூமோட தனி ரூம் 4,500-க்கு யாரும் தர மாட்டாங்க. சாவி கூரியர்ல வரும்னு சொல்ற வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. இங்கே வீட்டுக்காரங்க உன் ஊர், அப்பா வேலை, ராத்திரி எத்தனை மணிக்கு வருவேன்னு கால் மணி நேரம் விசாரிக்காம கதவையே திறக்க மாட்டாங்க. உன்கிட்ட ஒண்ணுமே கேக்காம பணத்தை மட்டும் கேக்குறாங்கன்னா அங்கே ரூமே இல்லை. அந்த போட்டோவைப் பெரிசாக்கி, சுவர்ல, ஜன்னல்ல என்ன இருக்குன்னு பாரு.

ரெண்டாவது, இதைவிட முக்கியமானது. உன் அட்மிஷன் கடிதத்தில் துறை எந்த வளாகம்னு போட்டிருக்கு?

தறிவீட்டுப்பெண்:
அக்கா, பார்த்தேன். கதவுக்குப் பக்கத்துல ஒரு காலண்டர் தொங்குது. தெலுங்கு எழுத்து. தெலுங்குக்காரங்க வீடா இருக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னும் பெரிசாக்கினா அடியில குண்டூர்னு இங்கிலீஷ்ல கடை விலாசம் இருக்கு. 'உங்க வீடு குண்டூர்லயா'ன்னு கேட்டேன். உடனே பிளாக் பண்ணிட்டாங்க.

கடிதத்தில் கிண்டி வளாகம்னு இருக்கு. அது பீச் பக்கத்துல இல்லையா?

சைதை_அக்கா:
5,000 தப்பிச்சுது. ஒரு மாசத்துக்கு மேல சாப்பாட்டுக் காசு அது.

இல்லை. வெளியூர்ப் பிள்ளைங்க நிறைய பேருக்கு நடக்குற குழப்பம் இது. நீ படத்துல பார்க்கிற செனட் ஹவுஸ் எல்லாம் சேப்பாக்கம் வளாகம். கணக்குப் படிக்கிறவங்களோட ராமானுஜன் நிறுவனம் அங்கே இருக்கு. தமிழ் மெரினா வளாகத்துல. மருத்துவ அறிவியல் பக்கம் தரமணியில. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கு. திருவல்லிக்கேணியில தங்கினா தினம் ஊரைக் கடந்து வரணும். லேப் முடிஞ்சு ஆறு மணிக்கு அந்த டிராஃபிக்ல நின்னா அழுகை வந்துரும்.

நீ தேட வேண்டியது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், இல்லைன்னா பறக்கும் ரயில் ஓரமா வேளச்சேரி. கோட்டூர்புரத்துல சின்னச் சின்ன சந்துல நல்ல ஹாஸ்டல் ஒண்ணு ரெண்டு இருக்கும், ஆனா சீக்கிரம் நிறைஞ்சுரும். வேளச்சேரியில ஐ.டி. ஆளுங்க கூட்டம், அதனால விலை ஒரு படி மேல. உன் பட்ஜெட்டுக்கு சைதாப்பேட்டை. எலக்ட்ரிக் ட்ரெயின் இருக்கு, மெட்ரோ இருக்கு, மார்க்கெட் இருக்கு. அங்கிருந்து அடையாறு போற பஸ் காந்தி மண்டபம் வழியாத்தான் போகும், இறங்கி நடந்துரலாம். பிங்க் கலர் சாதாக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, 2021-ல இருந்து. டீலக்ஸ்ல ஏறிடாதே, காசு கேப்பாங்க.

நான் போன வருஷம் வரைக்கும் இருந்த லேடீஸ் ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம், மூணு வேளைச் சாப்பாட்டோட 6,800. ஏசி ரூமைக் காட்டி ஆசை காட்டுவாங்க, ஃபேன் ரூம்னு சொல்லிட்டு நில்லு.

ரெண்டாம்_மாடி:
தங்கச்சி, ஹாஸ்டல் சாப்பாடு ஒரு மாசத்துல அலுத்துரும். நாங்க மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்தோம். வாடகை 15,000, ஆளுக்கு ஐயாயிரம். சமைச்சுக்கிட்டா 8,500-க்குள்ள வசதியா இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னவர் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்பதையும் சொல்லட்டும்.

ரெண்டாம்_மாடி:
அட்வான்ஸ் மூணு மாசம், 45,000. ஆளுக்குப் பதினஞ்சு. கரண்டுக்கு வீட்டுக்காரர் வச்ச சப்-மீட்டர், யூனிட் 9 ரூபாய்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் எதிர்பார்த்தேன். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். நீங்கள் மூவரும் இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓட்டினால் வீட்டுக்காரருக்குக் கொடுப்பது 1,620. வாரியத்தின் மீட்டர் உங்கள் பகுதிக்கென்று தனியாக இருந்திருந்தால் அதில் ஒரு சிறு பகுதியோடு போயிருக்கும். சப்-மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராது. வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் பற்றி ஒன்று. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வெகுகாலப் பழக்கம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் செல்லும் என்று அதிலேயே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. மூன்று மாதம் கேட்கும் வீட்டைத் தேடுவதே வழி. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதம் பிடிப்பார்கள், அதையும் இப்போதே கழித்து வையுங்கள்.

இந்தப் பெண்ணுக்கு இன்னும் கூட்டாளிகளே கிடையாது. முதல் செமஸ்டர் ஹாஸ்டல்தான் சரி. வகுப்பில் நாலு பேரைப் பழகி, யார் பாத்திரம் கழுவுவார்கள் என்று தெரிந்த பிறகு வீடு எடுக்கட்டும்.

ரெண்டாம்_மாடி:
பாத்திரம் கழுவுற விஷயத்துல அடிச்சுட்டீங்க சார். ஒத்துக்கிறேன்.

புளியங்குடிக்காரன்:
நம்ம ஊர்ப்பக்கம்ல! தங்கச்சி, பஸ்ஸுல வராதீங்க. கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுருவாங்க, அங்கெருந்து பெட்டியத் தூக்கிட்டு இன்னொரு பஸ்ஸு மாறணும். பொதிகை எக்ஸ்பிரஸ்ல சங்கரன்கோவில்ல சாயந்திரம் ஏறுனா விடியுமுன்ன தாம்பரம். எழும்பூர் வரைக்கும் போவாண்டாம். தாம்பரத்துல இறங்கி வெளிச்சம் வர்ற வரைக்கும் ஸ்டேஷனுக்குள்ளயே இருங்க, அப்புறம் பீச் போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறுனா சைதாப்பேட்ட. டிக்கெட்டு ரொம்பக் கொறைச்சல்தான். ஸ்லீப்பர்ல ஆளுக்கு 40 கிலோ சாமான் கொண்டு போலாம்.

வாளி, கப்பு எல்லாம் சொமக்காதீங்க, சைதாப்பேட்ட பஜார் ரோட்டுல கெடைக்கும். பெட்ஷீட்டு, துண்டு ஊர்லேர்ந்து எடுத்துக்கோங்க, தறி ஓடுற வீட்டுல அதுக்கா பஞ்சம்! எலுமிச்சங்கா ஊறுகா ரெண்டு பாட்டில். ஹாஸ்டல் தயிர்சாதத்த அதுதான் உள்ள எறக்கும்.

தாசில்தார் ஆபீஸ் சோலியெல்லாம் முடிச்சிட்டு வண்டி ஏறுங்க. வருமானச் சான்று, சாதிச் சான்று ரெண்டும் கையில வேணும். உதவித்தொகைக்கும் அது, பிற்பட்டோர் நலத்துறை கல்லூரி விடுதிக்கு எழுதிப் போடணும்னாலும் அது. அங்க எடம் கெடைச்சா தங்குறதும் சாப்பாடும் இலவசம். விசாரிக்க ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போவணும், பீச் ஸ்டேஷன்ல இறங்கி நடக்குற தூரந்தான். நான் சான்றிதழ ஊருல விட்டுட்டு வந்து ஒரு வாரம் அலஞ்சேன்.

தறிவீட்டுப்பெண்:
ரொம்ப நன்றிண்ணா. இ-சேவையில நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். அப்பாவும் கூட வர்றாங்க. அக்கா, ஹாஸ்டலை நேர்ல பாக்கும்போது என்ன கேக்கணும்? எனக்குப் பேச வராது, சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துருவேன்.

சைதை_அக்கா:
வார்டனைக் கேக்காதே, அங்கே தங்கியிருக்கிற பிள்ளையைக் கேளு. சாயங்காலம் ஏழு மணிக்குப் போ, எல்லாரும் வந்திருப்பாங்க. துணி காயப்போட மொட்டைமாடிக்கு வர்றவளைப் பிடிச்சா எல்லாம் சொல்லிடுவா.

ஒரு மாடிக்கு எத்தனை பேர், எத்தனை பாத்ரூம்னு எண்ணு. நான் முதல்ல மாட்டின இடத்துல பதினாறு பேருக்கு ரெண்டு. காலையில ஆறு மணிக்கு வாளியை வரிசையில வச்சிட்டு மறுபடி படுத்துப்போம். எழுந்து பார்த்தா என் வாளி கடைசிக்குப் போயிருக்கும், எவளோ நகர்த்தியிருப்பா. ஒரு தடவை ஆணியால வாளியில பேரைச் சுரண்டி வச்சேன், அப்பவும் நகர்ந்துச்சு.

ஞாயிறு ராத்திரி சாப்பாடு உண்டான்னு கேளு. பல இடத்துல கிடையாது, ஆனா 'மூணு வேளையும் உண்டு'ன்னுதான் சொல்வாங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்க, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னு கேட்டு, அதை ரசீதிலேயே எழுதச் சொல்லு.

அப்புறம் தரைத்தளம் வேண்டாம். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ரெண்டும் அடையாற்றங்கரை. 2015 டிசம்பர்ல தண்ணி எங்கே நின்னுச்சுன்னு கேட்டா தெருவுல யாரும் கையை வச்சுக் காட்டுவாங்க. வேளச்சேரி 2023 மிக்ஜாம் புயல்லயும் மிதந்துச்சு. சில வீட்டுச் சுவர்ல இடுப்பு உயரத்துல மங்கலா ஒரு கோடு தெரியும். பெயின்ட் புதுசா இருந்தா மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு பாரு, அங்கே யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறு இரவுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். காலையில் இட்லி ஒரு ரூபாய். ஹாஸ்டல் சமையல்காரர் லீவு போடும் நாளுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

இன்னொன்று, புத்தகம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். உங்கள் வளாகத்துக்குப் பக்கத்திலேயே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பிரிவு உண்டு. நாலு பேர் ரூமில் விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை வரும் நாட்களில் அதன் அருமை தெரியும்.

தறிவீட்டுப்பெண்:
எல்லாரும் மன்னிக்கணும், மூணு வாரம் கழிச்சு வர்றேன். வந்து சேர்ந்துட்டேன்.

முதல் நாள் அப்பாவும் நானும் சைதாப்பேட்டையில ஏழு ஹாஸ்டல் ஏறி இறங்கினோம். நாலாவது இடத்துல அப்பா ஏணி மாதிரி இருந்த மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு பார்த்தாங்க. அக்கா சொன்ன மாதிரியே கோடு. வார்டன் முகம் போன போக்கைப் பாக்கணுமே. ஆறாவது இடம் பிடிச்சுது. இரண்டாவது மாடி, நாலு பேர், பதினொரு பேருக்கு மூணு பாத்ரூம்.

கணக்கு இதுதான்: மாசம் 6,800, அட்வான்ஸ் அதே 6,800, சேர்க்கைக் கட்டணம் 500. மொத்தம் 14,100. வாளி, பூட்டு, தலையணை, பாய், பக்கெட் மூடின்னு 1,850. மூடி எதுக்குன்னு கேக்காதீங்க, இங்கே பூனை இருக்கு. போக்குவரத்தும் ரெண்டு நாள் வெளிச்சாப்பாடும் போக 15,000 சொச்சம் பேங்க்ல இருக்கு. அதைத் தொடுறதா இல்லை. மாசம் மிஞ்சுற 1,700-ல ரீசார்ஜ், சோப்பு, ஜெராக்ஸ் ஓடுது. பஸ் ஓசி. ஞாயிறு ராத்திரி சாப்பாடு இங்கேயும் கிடையாது, கேட்டதுக்கு 'அன்னைக்கு எல்லாரும் வெளிய சாப்பிடத்தானே பிரியப்படுவீங்க'ன்னு பதில்.

லேப் கோட் வாங்க 400 எடுத்து வச்சிருந்தேன். சீனியர் ஒருத்தங்க அவங்க பழசைக் கொடுத்துட்டாங்க. தோள் ரெண்டு இஞ்ச் பெரிசு. அப்பா ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஹாஸ்டல் வாசல் திண்ணையில உக்காந்து கையாலயே பிடிச்சுத் தைச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க.

சைதை_அக்கா:
அட்வான்ஸுக்கு ரசீது வாங்கினியா?

தறிவீட்டுப்பெண்:
வாங்கினேன் அக்கா. தேதி போடாமத்தான் நீட்டினாங்க. திருப்பிக் கொடுத்து, தேதி போட்டு, காலி பண்ணும்போது ஆயிரம்தான் பிடிப்போம்னும் எழுதி வாங்கிட்டேன். கை நடுங்குச்சு.