முன்னாள் சக ஊழியரின் ஓயாத விசாரிப்பு: தடை செய்யாமல் விலக்கி வைக்க முடியுமா?

சாளரம் எழுதியது:

வணக்கம். முன்பு என்னுடன் ஒரே அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர், நான் வேலை மாறிய பிறகும் நாள் தவறாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவற்றில் மிரட்டலோ ஆபாசமோ இல்லை. ஆனால் "நேற்று நள்ளிரவு வரை விழித்திருந்தீர்களே, உடம்புக்கு முடியவில்லையா?" என்பது போன்ற விசாரிப்புகளைப் படிக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பது போல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பதில் அளிக்காவிட்டால் முகநூலில் கேட்கிறார். அங்கும் பேசாமல் இருந்தால் இன்ஸ்டாகிராமுக்கு வந்துவிடுகிறார். எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் பலர் உண்டு. பழைய அலுவலகத்தாரின் வாட்ஸ்அப் குழுவிலும் இருவரும் இருக்கிறோம். அதனால் தடை செய்யத் தயங்குகிறேன்.

இன்னொன்றும் புரியவில்லை. சென்ற வாரம் யாரிடமும் சொல்லாமல் வேறு பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கைத் தொடங்கினேன். இரண்டாம் நாளே அவரிடமிருந்து பின்தொடரும் விண்ணப்பம் வந்தது. எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?

தாழ்ப்பாள் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. புதிய கணக்கைத் தொடங்கும்போது உங்கள் வழக்கமான தொலைபேசி எண்ணைத்தானே கொடுத்தீர்கள்? அந்த எண் அவருடைய கைபேசியில் இருக்கிறது. அவர் தம் தொடர்புப் பட்டியலை இன்ஸ்டாகிராமுடன் இணைத்திருந்தால், அந்த எண்ணுக்குரிய கணக்கை அதுவே "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அவர் முன் நிறுத்தியிருக்கக்கூடும். அவர் உங்களைத் தேடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் உங்கள் கைபேசியில் தொடர்புகளை இணைப்பதை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் அவர் ஏற்றிய பட்டியலில் உள்ள உங்கள் எண்ணை அது அழிக்காது. தனிமை வேண்டும் என்று தொடங்கும் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் விழித்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது. வாட்ஸ்அப்பில் நீங்கள் கடைசியாக வந்த நேரத்தை யாரெல்லாம் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அமைப்பில், "தொடர்புகளில் இவர்களைத் தவிர" என்ற தேர்வு 2022 முதல் இருக்கிறது. அதில் அவரைச் சேர்த்துவிட்டால் அவருக்கு அந்த நேரம் தெரியாது. பதிலுக்கு அவருடைய நேரம் உங்களுக்கும் தெரியாது, அது ஒரு இழப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் இணையத்தில் இருக்கும் நொடியில் தெரியும் அடையாளத்தையும், சுயவிவரப் படத்தையும் அதே இடத்தில் மறைக்கலாம்.

முகநூலில் அவரை நட்பிலிருந்து நீக்காமலேயே "கட்டுப்படுத்தப்பட்டோர்" பட்டியலில் வைக்க முடியும். அதன் பிறகு நீங்கள் பொதுவில் இடும் பதிவுகளும் அவரையே குறியிட்டவையும் மட்டும்தான் அவருக்குத் தெரியும், அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. இன்ஸ்டாகிராமில் இதற்கு இணையான வசதி 2019இல் வந்தது: அவருடைய செய்திகள் விண்ணப்பப் பெட்டிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பது அவருக்குத் தெரியாது, அவர் உங்கள் பதிவில் இடும் கருத்து நீங்கள் ஒப்புதல் தரும்வரை அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

பழையமரம் எழுதியது:

தாழ்ப்பாள் சொன்ன வழிகள் சரியானவை. ஆனால் இந்த நிலைமைக்கு அவை போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதே போன்ற ஒருவரிடமிருந்து எட்டு மாதங்கள் நான் ஒளிந்து திரிந்தேன். அந்த மௌனத்தை அவர் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேலைப்பளு என்று எண்ணிக்கொண்டார், அல்லது அப்படி எண்ணுவது அவருக்கு வசதியாக இருந்தது. "இனி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்" என்று விளக்கமோ மன்னிப்போ சேர்க்காமல் ஒரே ஒரு முறை எழுதுங்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதிட வருவார்கள். அதன் பிறகும் ஒரு செய்தி வந்தால் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தடை செய்துவிடுங்கள். ஓரிடத்தை மட்டும் அடைத்தால் மற்ற இரண்டிலும் வெள்ளம் கூடும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வந்த செய்திகளைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கைபேசிக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டு நாள்களுக்குச் சற்று அதிகமான காலம் வரை தம் செய்தியை இரு பக்கமும் அழித்துவிட முடியும். இன்ஸ்டாகிராமில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பின்னாளில் காவல்துறையிடமோ நிறுவனத்திடமோ முறையிட நேர்ந்தால், அழிக்கப்பட்ட செய்தியை விவரித்துக்கொண்டிருப்பது மிகவும் களைப்பூட்டும் வேலை.

இடைவெளி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பல நேரங்களில் செய்தி கசிவது நம் கணக்கிலிருந்து அல்ல, நண்பர்களின் கணக்கிலிருந்து. அவர்கள் பொதுவில் இடும் படத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் பக்கத்தை எவ்வளவு பூட்டினாலும் பயனில்லை. பொது நண்பர்களில் நம்பகமான ஓரிருவரிடம், முழுக் கதையையும் சொல்லாமல், "என் படத்தையோ நான் இருக்கும் இடத்தையோ பொதுவில் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகநூலில் உங்கள் நண்பர் பட்டியலையும் நீங்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பொது நண்பர்களின் பெயர்கள் அப்போதும் தெரியும் என்பது உண்மைதான், மற்றவர்களாவது மறைவார்கள்.

சாளரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. புதிய கணக்கில் என் எண்தான் இருந்தது, நீக்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரம் இத்தனை ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும்படி திறந்து கிடந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. பழையமரம் சொன்ன ஒற்றை வரியை நேற்று மாலை அனுப்பினேன். "நான் என்ன தவறு செய்தேன்?" என்று நான்கு செய்திகள் வந்தன, அவற்றைச் சேமித்துக்கொண்டு மூன்று இடங்களிலும் தடை செய்துவிட்டேன். பழைய அலுவலகக் குழுவை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் எழுதியது:

தடை செய்திருந்தாலும், பொதுக் குழுவில் நீங்கள் எழுதுவதை அவரும் அவர் எழுதுவதை நீங்களும் பார்க்க முடியும். வெளியேறினால் அறிவிப்பு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகும். ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் 60 நாள்கள் இருக்கும், தேடுபவர்கள் பார்க்கலாம். குழுவின் நிர்வாகியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறுங்கள். உங்களைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து யாரும் உங்களை வேறொரு குழுவுக்குள் நேரடியாக இழுக்க முடியாது.