புரோக்கர் சர்வரை நிறுத்திக் கிளப்புனதுல இன்னும் உறுத்துற ஒண்ணு சொல்லுங்க

பாளைக்காரன்:
நானே ஆரம்பிக்கேன். புரோக்கர்னா, ஒரு புரோகிராம் அனுப்புற மெசேஜை வாங்கி வரிசையில (அதுதான் க்யூ) வச்சு இன்னொரு புரோகிராமுக்குக் கொடுக்கிற சாஃப்ட்வேர். தீபாவளிக்கு முந்தின வாரம். அல்வா, மிக்சர் எல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் எடுத்து வெளியூருக்கு அனுப்புற ஒரு கடைக்கு நான்தான் சர்வர் பாத்துக்கிட்டிருந்தேன். புரோக்கர் ராபிட்எம்க்யூ, ஒத்த மிஷின். ஞாயித்துக்கிழமை பேக்கிங் கிடையாது. அன்னைக்கு வர்ற ஆர்டர் எல்லாம் க்யூவுல கிடக்கும், திங்கக்கிழமை காலையில லேபிள் பிரிண்டர் ஒண்ணொண்ணா எடுக்கும். முந்நூத்திச் சொச்சம் கிடந்துச்சு. க்யூ டியூரபிள், மெசேஜ் பெர்சிஸ்டென்ட், அதாவது நிறுத்திக் கிளப்புனாலும் ரெண்டும் அழியாது, ஒரு குறையும் இல்ல. முறையா ஸ்டாப் பண்ணித்தான் ரீபூட் போட்டேன். இடையில பண்ண ஒரே வேலை, ஹோஸ்ட்நேமை, அதாவது மிஷின் பேரை, 'நெல்லை1'ல இருந்து 'ஆர்டர்1'ன்னு மாத்துனது.

கிளம்பி வந்துட்டு. ராபிட்டைப் பாத்துக்கிற 15672 போர்ட் வெப் பக்கத்தைத் திறந்தா என் யூசரை யாருன்னு கேக்கு. அந்த மிஷின்லேயே உக்காந்து ராபிட்டோட கூடவே வர்ற கெஸ்ட் யூசரைப் போட்டு உள்ள போனேன். க்யூ பூஜ்யம். புதுசா வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருக்கு. பின்னாடி முதலாளி அண்ணாச்சி டீ கிளாஸோட நிக்காரு. "என்ன தம்பி, வெறிச்சுன்னு கிடக்கு?" நான் "எல்லாம் போயிட்டு அண்ணாச்சி"ன்னுட்டேன்.

அவரு ஒரு வார்த்தை திட்டலை. பணம் வந்த பட்டியல்ல நம்பரைப் பாத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சிட்டாரு. "அம்மா, திருநெல்வேலியில இருந்து பேசுதேன். நீங்க அரைக் கிலோ சொன்னியளா, ஒரு கிலோவா?" நான் அந்தப் பக்கம் யூசரைப் புதுசா உண்டாக்கி, ஆப்பைக் கிளப்பி, புது ஆர்டர் விழ விட்டுட்டேன். நாப்பது நிமிசம் கழிச்சு, ராபிட் தன் டேட்டாவை வைக்கிற வார் லிப் ராபிட்எம்க்யூ நீசியாவுக்குள்ள பாக்கேன், ரெண்டு ஃபோல்டர் இருக்கு: ராபிட்@நெல்லை1, ராபிட்@ஆர்டர்1. நோடு (ஒரு மிஷின்ல ஓடுற ராபிட்) பேரு ஹோஸ்ட்நேமை ஒட்டி வருது, டேட்டா ஃபோல்டர் நோடு பேரை ஒட்டி வருது. பழைய பேரை வச்சுக் கிளப்புனேன், முந்நூறும் அப்படியே இருக்கு. அப்ப அண்ணாச்சி அறுபதாவது ஆளோட பேசிக்கிட்டிருந்தாரு.

பணகுடிக் காத்து:
நம்மது கரண்டு எடுக்குற காத்தாடி. மெசேஜ் புரோக்கர்னா எங்களுக்கு மஸ்கிட்டோ, சின்னப் பெட்டியில ஓடும். ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எப்படின்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டாம், லேப்டாப் மூடியைக் கையால பிடிச்சாத்தான் நிக்கும். நெட்டு போயிருந்துச்சு, ரீடிங் எல்லாம் பெட்டிக்குள்ள சேந்துக்கிட்டிருந்துச்சு. வேற எதுக்கோ பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணணும். நான் ஸ்டாப் கொடுக்கலை, ஒயரைப் பிடிச்சு உருவிட்டேன். அந்தக் காத்துல டைப் அடிக்க முடியலைங்க.

மஸ்கிட்டோ தன் கைல இருக்கதை 1800 விநாடிக்கு ஒரு தடவைதான் டிஸ்க்ல எழுதும், நாம மாத்தலைன்னா. முறையா நிறுத்துனா போறப்ப எழுதிட்டுப் போவும். உருவுனா எழுதாது. சீசன்லேயே நல்லா ஓடுன 27 நிமிசம் கிராஃப்ல பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. மாச ரிப்போர்ட்ல அந்த ஓட்டையைப் பாக்கும்போதெல்லாம் என் கையிலேயே ஒயர் இருக்க மாதிரி இருக்கும்.

ஜங்ஷன் சீனியர்:
ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுதேன், கோவிச்சுக்காதிய. பாளைக்காரன் தம்பி, இது ராபிட் மேல உள்ள தப்பு இல்ல. ராபிட்எம்க்யூ நோடுநேம்னு ஒரு செட்டிங் இருக்கு. அதுல பேரை நிலையா எழுதி வச்சிருந்தா ஹோஸ்ட்நேம் மாறுனாலும் ஃபோல்டர் மாறாது. அந்தப் பேரு எந்த ஐபிக்குப் போவுதுன்னு ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி, அவ்வளவுதான். அப்புறம் ஸ்டாப் வேற, ஸ்டாப்_ஆப் வேற. முதல்ல சொன்னது, ராபிட்டுக்கு அடியில ஓடுற எர்லாங்கையும் சேத்து நிறுத்திடும். ரெண்டாவது ராபிட்டை மட்டும் நிறுத்தி எர்லாங்கை ஓட விடும். நோடைக் காலி பண்ற ரீசெட் போடணும்னா ரெண்டாவதுதான் வேணும். இது தெரியாம முதலாவதைக் கொடுத்துட்டு "நோடு டவுன்னு சொல்லுது"ன்னு எனக்குப் போன் போட்டவங்க நிறைய. பீம்.எஸ்எம்பினு ஒரு ப்ராசஸ் மெமரி தின்னுதேன்னு கில் -9 போட்டு வலுக்கட்டாயமாக் கொல்லாதிய, அதுதான் ராபிட்டே. நோடுங்க ஒண்ணை ஒண்ணு நம்புறதுக்கு வைக்கிற குக்கீ ஃபைல் எல்லா நோடுலயும் ஒண்ணா இருக்கணும், பெர்மிஷன் 400, ஓனர் மட்டும் படிக்கிறாப்ல. டிஸ்க்ல இடம் 50 எம்பிக்குக் கீழ போனா அனுப்புறவனை எல்லாம் அப்படியே நிறுத்தி வச்சிரும், அந்த அளவு நிஜ சர்வருக்குப் பத்தாது, கூட்டி வைங்க. ரெண்டாவது ஆளு, ஒயரை உருவுனது சோம்பேறித்தனம். காத்து மேல பழி போடாதிய.

என் கதை கேட்டா, அந்த 50 எம்பிதான். லாக் ஃபைலே டிஸ்க்கை நிரப்பிட்டு. அவ்வளவுதான்.

பணகுடிக் காத்து:
ஒரு நாள் இங்கன வந்து நின்னு பாரும், அப்புறம் சோம்பேறித்தனம்னு சொல்லும்.

பாளைக்காரன்:
சீனியர் அண்ணாச்சி, நோடுநேம் செட்டிங் எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சு போச்சு. நான் சொன்னது அதைப் பத்தி இல்ல.

கல்லிடை அப்பளம்:
ஒரு கல்லூரிக்கு ஃபீஸ் ஞாபகப்படுத்துற எஸ்எம்எஸ். ப்ரீஃபெட்ச், அதாவது ஒரு நேரத்துல எத்தனை மெசேஜ் எடுக்கலாம்ங்கற அளவு, வைக்காம விட்டிருந்தேன், கன்ஸ்யூமர் (எடுத்து அனுப்புற புரோகிராம்) ஒரே வாயில அறுநூறையும் எடுத்து வச்சுக்கிச்சு. அனுப்பிக்கிட்டே போவுது, 'வேலை முடிஞ்சுது'ன்னு புரோக்கருக்குச் சொல்ற அக் மட்டும் எல்லாம் முடிஞ்ச பிறகு மொத்தமா கொடுக்கிற மாதிரி எழுதியிருந்தேன். நடுவுல புரோக்கரை ரீஸ்டார்ட் பண்ணுனேன். அக் வராததெல்லாம் அனுப்பாததுன்னு எடுத்துக்கிட்டு மறுபடியும் வரிசையில நிறுத்திட்டு. அது செஞ்சது சரிதான். முன்னூறு வீட்டுக்கு ரெண்டாவது தடவை போச்சு. மறுநாள் முக்கூடல்ல இருந்து ஒரு பெரியவர் பஸ் பிடிச்சு வந்து, ரசீதை ரெண்டு கையாலயும் நீட்டுதாரு. "நேத்தே கட்டிட்டேனேம்மா, பத்தலையா?"

இன்னொரு தடவை அந்தக் கை நீட்டலைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. இப்ப ஒவ்வொண்ணுக்கும் உடனே அக்.

வண்ணார்பேட்டை மாடி:
2023 டிசம்பர் வெள்ளம். மூணு நோடு சேந்து ஓடுற கிளஸ்டர், தரைத்தளம். தண்ணி வாசப்படி ஏறுறப்ப ஆளாளுக்கு ஒண்ணா நிறுத்தி, செல்போன் வெளிச்சத்துல மாடிக்குத் தூக்குனோம். எதை முதல்ல நிறுத்துனோம், எதைக் கடைசியாங்கறதை ஒருத்தரும் எழுதி வைக்கலை. யாருக்குத் தோணும்?

கரண்டு ரெண்டு நாளா இல்ல. ஒரு சின்ன ஜெனரேட்டர் கிடைச்சுது, ஒரு மிஷினைத்தான் தாங்கும். முதலாவதைப் போட்டோம். "நீசியா டேபிளுக்காக 30000 மில்லிசெகண்ட் காத்திருக்கு, இன்னும் 9 தடவை பாக்கி"ன்னு லாக்ல வருது. எட்டு. ஏழு. கடைசியா நின்ன நோடுகிட்டதான் புதுக்கணக்கு இருக்கும், மத்தது அது வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுக் கிடக்கும். அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் படுத்துட்டு. ரெண்டாவதைப் போட்டோம், மறுபடியும் 9ல இருந்து. ஜெனரேட்டர் சத்தத்துல ஒருத்தரும் பேசலை, எல்லாரும் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு நின்னோம். மூணாவதைப் போட்டோம். எண்ணவே இல்ல, நேரா எந்திரிச்சிட்டு.

ஜங்ஷன் சீனியர்:
மத்ததுக்குக் காத்திருக்காம கிளப்புற ஃபோர்ஸ்_பூட் போட்டிருந்தா முதல் மிஷினே வந்திருக்கும்லா. இதுக்குத்தான் அந்தக் கமாண்டையே வச்சிருக்கான். எல்லாத்தையும் விட, க்யூவை மத்த நோடுல நகலா வைக்கிற பழைய மிரர் க்யூவை விட்டுட்டு, பெரும்பான்மை நோடு ஒத்துக்கிட்டாத்தான் ஓடுற குவோரம் க்யூவுக்கு மாறியிருக்கணும்.

வண்ணார்பேட்டை மாடி:
போட்டா வந்திருக்கும் அண்ணாச்சி, தன் பழைய கணக்கோட வந்திருக்கும். அது நின்ன பிறகு மத்த ரெண்டுலயும் விழுந்ததை யாரு தருவா? குவோரத்துக்கு மூணுல ரெண்டு உசிரோட இருக்கணும். எங்ககிட்ட ஜெனரேட்டர் ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ஜங்ஷன்ல நீங்க எந்த மாடியில இருந்தீங்க?

ஜங்ஷன் சீனியர்:
நான் அப்ப சென்னையில. சரி, விடும்.

டவுன் பையன்:
எனக்குப் பெரிய கதை இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுத் திண்ணையில உக்காந்து போன்ல கத்திக்கிட்டிருக்கேன்: "புரோக்கர் செத்துட்டு... எழுப்பியாச்சு... இல்ல, மறுபடியும் செத்துட்டு." எங்கம்மா எந்திரிச்சு வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அக்காவுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்த தரகர் போயிட்டாருன்னு நினைச்சிருக்கா. அவரு காலையில ரெண்டு ஜாதகத்தோட நேர்ல வந்தாரு, அம்மா அவரை ஒரு மாதிரியாத்தான் பாத்தா.

கல்லிடை அப்பளம்:
பாளைக்காரன், ஒண்ணு கேக்கணும். பேரை மாத்திப் பழசைக் கிளப்புனீங்க சரி. அந்த நாப்பது நிமிசம் புதுப் பேருல விழுந்ததை எப்படி எடுத்தீங்க?

பாளைக்காரன்:
எடுக்கலை. அந்த ஆளுங்களும் அண்ணாச்சி பட்டியல்லதான் இருந்தாங்க, அவரே எல்லார்கிட்டயும் பேசி முடிச்சு நோட்டுல எழுதிட்டாரு, அதைப் பாத்துப் பார்சல் போட்டோம். ராபிட்@ஆர்டர்1 ஃபோல்டர் இன்னும் அந்த மிஷின்லதான் கிடக்கு. இடம் பத்தலைன்னு ரெண்டு தடவை சுத்தம் பண்ணேன், அதை மட்டும் தொடலை.