மூதூருக்கு எத்தினை கிலோமீற்றர்? பயணப்படிப் பிடுங்குப்பாடு

உப்புவெளி_நிர்வாகி: "களத்துக்குப் போறவைக்கு மாசம் 15,000 பயணப்படி நிலையாக் குடுத்தாக் காணும், லொக் ஷீட் (ஓடின தூரம் எழுதுற தாள்) வீண்வேலை" எண்டு நேற்று ஒராள் எழுதியிருக்கிறார். சம்பளப் பட்டியல் ஒண்டாவது பாத்திருப்பாரோ? பில் இல்லாமல் மாதாமாதம் ஒரே தொகை போனா அது சம்பளம்தான். 145,000 எடுக்கிறவருக்கு 15,000 கூடினா 160,000. 150,000க்கு மேல உள்ள 10,000க்கு 6 வீதம், 600 ரூபா வரி வெட்டோணும். கந்தோர் வேலைக்குச் செலவழிச்சதை பில்லோட திருப்பிக் குடுத்தா அந்த 600 இல்லை. லொக் ஷீட்டில திகதி, போன இடம், நோக்கம், ஓடோமீற்றர் ரெண்டு வாசிப்பு. புறப்படுற இடம் கந்தோர்.

கிண்ணியாத்தம்பி: கந்தோரா? கிண்ணியாவில இருக்கிறவர் மூதூருக்குப் போகணும். மூதூர் கிண்ணியாவுக்கு அங்கால. திருகோணமலை டவுன்ல இருக்கிற கந்தோருக்கு வந்து கையெழுத்து வெச்சிட்டுத் திரும்பிப் போறதா, வராமலே வந்ததா எழுதுறதா?

உப்புவெளி_நிர்வாகி: ரெண்டும் இல்லை. வீட்டுத் தூரம், கந்தோர்த் தூரம், ரெண்டில எது குறைவோ அது.

கிண்ணியாத்தம்பி: அப்ப "புறப்படுற இடம் கந்தோர்" எண்டது ஆருக்கு?

உப்புவெளி_நிர்வாகி: டவுனுக்கு வடக்க நிலாவெளியில வீடுள்ளவருக்கு. டவுன் வரைக்கும் அவர் எப்பிடியும் வேலைக்கு வாற தூரம், அதுக்குக் காசில்லை.

நாற்பத்தொன்பதாம்_பஸ்: அந்த "ஒராள்" நான்தான். உங்கட பட்டியல்ல பிழை பிடிக்கிறதே எங்களப்போல ஆக்கள் அண்ணை. ரேட் போடேக்க பெற்றோலை மட்டும் பாக்கிறியள். டயர், செயின் செட், ஒயில் ஆரின்ட தலையில? பெற்றோல் விலை மாறேக்க ரேட்டை மாத்துறியளோ? அதுக்குத்தான் நிலையான தொகை.

உப்புவெளி_நிர்வாகி: ரேட்டை ரெண்டாப் பிரியுங்கோ. லீற்றருக்கு 45 ஓடுற பைக்குக்கு, பெற்றோல் விலையை 45ஆல பிரிச்ச பங்கு விலையோட மாறும், தேய்மானப் பங்கு வருசத்துக்கு ஒருக்கா. இதுக்கு 15,000 எதுக்கு? அதில சேமலாப நிதிச் சிக்கல் வேற. தொழிற் திணைக்களம் அதையும் சம்பளம் எண்டால் சேமலாப நிதிக்குக் கந்தோரின்ட பங்கு 12 வீதம் 1,800, ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கந்தோர் 3 வீதம் 450, சேமலாப நிதிக்கு ஆளின்ட பங்கு 8 வீதம் 1,200.

நாற்பத்தொன்பதாம்_பஸ்: பேரே பயணப்படி. பிறகு எப்பிடிச் சம்பளம்?

உப்புவெளி_நிர்வாகி: பேரைக் கண்டு வரி ஓடாது தம்பி.

கிண்ணியாத்தம்பி: மூதூர்க் கதைக்கு வாங்க. குறைஞ்ச தூரம் எண்டா கிண்ணியா ஆளுக்கு எப்பவும் நட்டம்தானே?

அலஸ்தோட்டம்: கிலோமீற்றரை விடுங்கோ. கொழும்புக்குப் போற பஸ் டிக்கெட் அந்த வழுவழுப்புத் தாள். மூண்டு மாசத்தில எழுத்து அழிஞ்சு போகும், கணக்காய்வுக்கு வெறுந்தாள்தான் மிஞ்சும். அண்டைக்கே போட்டோக்கொப்பி எடுத்து வவுச்சரில ஒட்டோணும். டிக்கெட் குடாத தனியார் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் வாகன இலக்கம், தொகை, போனவரின்ட கையெழுத்து.

உப்புவெளி_நிர்வாகி: ஹோட்டல் பில்லில காலைச் சாப்பாடு சேந்திருந்தா சாப்பாட்டுப் படியில அதையும் கழிக்கோணும். ஒருத்தரும் கழிக்கிறேல்ல.

நாற்பத்தொன்பதாம்_பஸ்: இடியப்பத்திலயும் கை வெச்சாச்சு!

உப்புவெளி_நிர்வாகி: கந்தோர் காசு ரெண்டுதரம் சாப்பிடுற இடியப்பம் அது.

கிண்ணியாத்தம்பி: மூதூர்?

உப்புவெளி_நிர்வாகி: குறைஞ்ச தூரம். நாலாம்தரமும் அதேதான்.

கிண்ணியாத்தம்பி: ரெண்டாம்தரம்தான் சொல்லியிருக்கிறீங்க. எண்ணத் தெரியாதவர் கிலோமீற்றர் எண்ணுறார்.