பாதத்தில் ஊரும் கடி: படர்தாமரையா, புழுவா?

ஓபிடி_வெள்ளவத்தை
கடற்கரைக்குப் போய் வந்தவர்களுக்குப் பாதத்திலும் பிட்டத்திலும் நெளிந்த சிவப்புக் கோடு, இரவில் நித்திரை கொள்ள ஏலாத கடி (அரிப்பு). பலர் பாமசியில் வாங்கின கிறீமைப் பூசிவிட்டுத்தான் வருகினம், நிறமும் மங்கியிருக்கும். நாய், பூனை மலத்திலிருந்து மணல் வழியாகத் தோலில் ஏறும் கொக்கிப்புழுவை ஐந்து நிமிடத்தில் எப்படிப் பிரித்தறிவது? இரத்தத்தில் ஈயோசினோபில் (புழு இருந்தால் கூடக்கூடிய வெள்ளணு) பார்க்கலாமா?

தோல்வார்டு
இரத்தத்தை விடுங்கோ டொக்டர். பெரும்பாலானோருக்கு ஈயோசினோபில் உயராது. நோர்மல் என்று வந்தால் எங்களைத்தான் குழப்பும். பயொப்சியும் (தோலில் துண்டெடுத்துச் சோதிப்பது) வேண்டாம்.

விரலால் தடவிப் பாருங்கோ. கோடு 2–3 மில்லிமீற்றர் அகலத்தில் லேசாகப் புடைத்திருக்கும். படர்தாமரைக்கு ஓரத்தில் செதில் இருக்கும், நடு தெளிந்திருக்கும். புழு ஒரே இடத்தில் சுற்றினால் அதுவும் வட்டம் போலத் தெரியும், ஏமாறுவது அங்கேதான். ஸ்கேபீஸ் (தோலைத் துளைக்கும் சிற்றுண்ணியால் வரும் சொறி) வளை சின்னது, ஒரு சென்ரிமீற்றரும் வராது. விரலிடுக்கு, மணிக்கட்டில் பாருங்கோ, வீட்டில் வேறு ஆருக்கும் கடிக்குதா என்றும் கேளுங்கோ.

இன்னும் சந்தேகமா? கோட்டின் புது நுனியில் பேனையால் புள்ளி வைத்துப் போனில் படம் எடுங்கோ (குளித்தால் புள்ளி அழிந்துவிடும், படம் நிற்கும்). மறுநாள் சில மில்லிமீற்றரிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வரை தாண்டியிருந்தால் புழுதான். மணித்தியாலத்துக்கு 5–10 சென்ரிமீற்றர் ஓடினால் அது ஸ்ரொங்கிலோயிடிஸ் என்ற வேறு புழு. அவருக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் உயிராபத்து.

மருந்தாளர்_தெகிவளை
அந்தக் கலவைக் கிறீமில் ஸ்டீரொயிட் இருக்கும். சிவப்பும் கடியும் கொஞ்சம் அடங்கும், புழு தன்பாட்டில் நடக்கும். என்ன பூசினவை என்று கேட்காமல் தோலைப் பார்த்துப் பயனில்லை.
கடற்கரை மட்டும் கேட்டால் போதாது. வீடு கட்டக் கொட்டின மணல் குவியலில் பூனை மலம் கழிக்கும், பிள்ளைகள் அதில்தான் விளையாடும்.

ஓபிடி_வெள்ளவத்தை
சரி, மருந்து? புழு மருந்து அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் குளிசை ஒன்று போதுமா?

தோல்வார்டு
போதாது. குடற்புழுவுக்குக் கொடுக்கிற பழக்கத்தில் ஒரு குளிசையோடு அனுப்பினால் பலர் திரும்பி வருவினம். நாளுக்கு 400 மில்லிகிராம், 3 நாள், கொழுப்புள்ள சாப்பாட்டோடு. ஐவர்மெக்டின் என்ற மற்றப் புழு மருந்து கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரே தரம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம்.
திரவ நைதரசனால் சுட வேண்டாம். புழு கோட்டின் நுனியைத் தாண்டித் தள்ளிப் போயிருக்கும், வேகிறது வெறும் தோல்தான். சொறிந்து சீழ் பிடித்திருந்தால் அதற்குத் தனியாக அன்ரிபயோற்றிக்.

ஓபிடி_வெள்ளவத்தை
கர்ப்பிணி வந்தால்?

தோல்வார்டு
அவசரப்பட்டு இரண்டில் எதையும் எழுத வேண்டாம். இந்தப் புழு மனிதத் தோலில் ஆழமாக இறங்க ஏலாமல் சில வாரங்களில், சிலவேளை மாதங்களில் தானே செத்துவிடும். கடிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு, மகப்பேற்று டொக்டரோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கோ. மற்றவர்களுக்கு மருந்து எடுத்து 2–3 நாளில் கடி குறையும், கோடு மறைய ஒரு வாரமாவது எடுக்கும். அதை முதலே சொல்லி அனுப்பாவிட்டால் மூன்றாம் நாளே பழைய கிறீமை எடுத்துப் பூசுவினம்.