புதுப்பிப்பு: சித்தியின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: செங்கோட்டையில் இருக்கும் சித்திக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்று, கட்டி 2.5 செ.மீ., ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லை, ஆபரேஷனோடு முடிந்துவிடுமா என்று. முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் இடுப்பிலிருந்து எடுத்த 19 நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் புற்று இருந்தது. நர்ஸ் 'கழல' என்று மலையாளத்தில் சொன்னதும் சித்தி, "நெறிகட்டியா?" என்று கேட்டுவிட்டார். எனக்குத்தான் அகராதி தேவைப்பட்டது. நுண்ணிய பரவல் ஸ்கேனில் தெரியாமல் போகலாமாம்.

என்னைத் தூங்கவிடாதது ரிப்போர்ட்டில் இருந்த '3சி1'. முதலில் 1பி2, அதாவது முதல் நிலை என்று சொன்னவர்கள், அதற்குள் மூன்றாம் நிலை என்கிறார்களே! டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் கணுவில் பரவியிருந்தாலும் 1பி என்றே எழுதுவார்களாம். இந்த நிலைகளை வகுக்கும் ஃபீகோ என்ற பன்னாட்டு மகளிர் மருத்துவர் அமைப்பு 2018இல் முறையை மாற்றியது: இடுப்புக் கணு என்றால் 3சி1, பெருந்தமனியை ஒட்டிய கணு என்றால் 3சி2. ஆக, 'மூன்றாம் நிலை' என்று தேடி வரும் எண்களைப் பார்த்து அலறாதீர்கள். இடுப்புச் சுவர்வரை கட்டி பரவியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அதற்காக லேசாகவும் எடுக்க முடியாது. கணுவில் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல்தான்.

எனவே கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் இப்படி ஆபத்து கூடியவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றோர் 4 ஆண்டில் உயிரோடிருந்த அளவு 71%, கீமோவும் சேர்த்துப் பெற்றோர் 81%.

ஐந்து வாரம், தினமும் ஆரியங்காவு மலைப்பாதை தாண்டிப் போய்வர முடியாது. திருவனந்தபுரத்திலேயே ரூம் தேடுகிறோம். சித்தியின் கவலையெல்லாம் கோழிகளை யார் அடைப்பது என்பதுதான்.