புளூபேர்ட் பெட்டியில் சிட்டுக்குருவி! கூட்டை எடுக்கலாமா?

பைன்மரத்தடி:
அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறோம். மார்ச்சில் வேலிக் கம்பத்தில் புளூபேர்டுக்காக (பொந்தில் கூடு கட்டும் இந்த ஊர் நீலக் குருவி) ஒரு பெட்டி மாட்டினேன். ஆண் பறவை பெட்டிமேல் உட்கார்ந்து சிறகை ஆட்டி ஆட்டி ஜோடியைக் கூப்பிட்டது. மூன்றாம் நாளே சிட்டுக்குருவி புகுந்துவிட்டது. இப்போது உள்ளே கூரைவரை காய்ந்த புல், இறகு, ஒரு மிட்டாய்த் தாள். எடுத்துப் போடு என்கிறார்கள். ஊரில் அப்பா சிட்டுக்காகவே அட்டைப்பெட்டி தொங்கவிட்டவர். எனக்குக் கை வரவில்லை. சட்டப்படி தப்பில்லையா?

பத்துப்பெட்டி:
எனக்கும் முதல் வருஷம் கை வரலைம்மா. ஒருநாள் பெட்டியைத் திறந்தால், அடைகாத்த தாய்ப் புளூபேர்ட் மண்டை கொத்துப்பட்டுச் செத்துக் கிடந்தது. அதன்மேலேயே சிட்டு கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. அன்றோடு தயக்கம் போச்சு.

நம்ம ஊரில் அது வீட்டுப் பிள்ளை. இங்கே 1850களில் நியூயார்க் புரூக்ளினில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டாங்க. 1918ஆம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டம் புளூபேர்டின் கூட்டையும் முட்டையையும் காக்கும். சிட்டையும், அதே மாதிரி வெளியிலிருந்து வந்த ஸ்டார்லிங் என்கிற பறவையையும் அதில் சேர்க்கவில்லை. ஆனால் யார் கூடு என்று உறுதி பண்ணாமல் கை வைக்காதீங்க. புளூபேர்ட் புல்லாலோ பைன் ஊசியாலோ கிண்ணம் மாதிரி கச்சிதமாகக் கட்டும். முட்டை பெரும்பாலும் வெளிர்நீலம். சிட்டு முட்டையில் பழுப்புப் புள்ளி இருக்கும்.

கூட்டை மட்டும் எடுத்தால் மறுபடி கட்டும். ஆண் சிட்டுக்குப் பெட்டிமேலதான் பிடிப்பு. பெட்டியையே சில நாள் கழற்றி வையுங்க. துளை எவ்வளவு? வாசலில் குச்சி இருக்கா?

பைன்மரத்தடி:
ஒன்றரை அங்குலம். குச்சி இருக்கிறது, கடையில் அப்படித்தான் வந்தது.

பத்துப்பெட்டி:
ஒன்றரைன்னா ஸ்டார்லிங் நுழையாது, சிட்டு நுழையும். குச்சியைப் பிடுங்கிடுங்க, புளூபேர்டுக்கு அது தேவையே இல்லை.

ஓய்வுபெற்றவன்:
எனக்கு அந்த வேலிக் கம்பம்தான் உறுத்துகிறது. ரக்கூனுக்கும் (மரமேறி முட்டை தின்னும் விலங்கு) பாம்புக்கும் அது ஏணி. வழுவழுப்பான இரும்புக் குழாயில் மாட்டி, பெட்டிக்குக் கீழே அகலமான தகரக் குழல் ஒன்றைச் செருகுங்கள். தானியத் தட்டுக்குப் பக்கம் வேண்டாம், சிட்டுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. குட்டைப் புல்வெளியைப் பார்த்து வையுங்கள். புளூபேர்ட் தரையில்தான் பூச்சி பிடிக்கும்.

பத்துப்பெட்டி:
சரியாச் சொன்னீங்க. இன்னொன்று: வாரம் ஒருமுறை திறந்து பாருங்க. குஞ்சுக்குப் பதின்மூன்று நாள் ஆனபிறகு மட்டும் திறக்காதீங்க. பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும்.

பைன்மரத்தடி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். குச்சி போயாச்சு, குழாய் நட்டாச்சு. இன்று காலை பெட்டிக்குள் நாலு பைன் ஊசி கிடந்தது. மிட்டாய்த் தாள் இல்லை.